முதல் மாதத்து இலக்கியம்

அண்மைக் காலத்திலே புதிய எழுத்து வகையொன்று உலகெங்கும் செழித்து வளர்ந்து வருகின்றது. புதிய திறன்பேசியொன்று சந்தைக்கு வருகின்றது. முதல் நாளிலேயே அதனை வாங்கிய ஒருவர், ஒரு மாதம் அதனோடு வாழ்ந்து பார்த்து, அவ்வாழ்வின் இன்ப துன்பங்களை விரித்து எழுதுகின்றார். அல்லது படம்பிடித்துக் காட்டிப் பேசுகின்றார். ஆங்கிலத்திலே தொடங்கிய இவ்வகை இன்று தமிழிலும் ஏராளம். கருவி கையிலே எவ்வாறு அமர்கின்றது, சட்டைப்பையில் அடங்குகின்றதா, மின்கலம் மாலைவரை தாக்குப்பிடிக்கின்றதா, மங்கிய ஒளியிலே முகம் தெளிவாகப் படமாகின்றதா என்றெல்லாம் அது துருவித்துருவி ஆராயும். பயண நூலின் ஆர்வமும் நாட்குறிப்பின் நெருக்கமும் கலந்திருப்பதால் அதற்கு வாசகர் கூட்டம் பெரிது. நமது மேல்வகுப்பு மாணாக்கர் பலர் பாடநூலைக் காட்டிலும் இவற்றையே ஊன்றிப் படிக்கின்றனர் என்பது ஆசிரியர் யாவரும் அறிந்ததே.

இவற்றை எழுதுவோரை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. விளம்பரம் பொய் சொல்லும் உலகிலே, பொருளைச் சோதித்துப் பார்த்து உள்ளதை உள்ளவாறு கூறுபவன் ஓரளவு மக்களுக்குத் தொண்டு செய்பவனே. முதல் மாதத்தைத் தேர்ந்துகொண்டதிலும் ஒரு நுட்பமுண்டு. விளம்பரத்தின் மயக்கம் தெளிந்து, பழக்கத்தின் மறதி தொடங்குவதற்கு முன்னுள்ள காலம் அது. அவதானிப்பதற்கு அதனைவிடத் தகுந்த வேளை இல்லை.

நாம் மறுப்பது வேறொன்றை. இவ்வெழுத்திலே கருவியின் வாழ்க்கை, பெட்டி திறக்கப்படும் கணத்திலே தொடங்குகின்றது. அதற்கு முன்னர் அதற்குப் பிறப்பில்லை. அதனைச் செய்த கைகள் இல்லை. மாதம் என்றால் வாங்கியவனுடைய மாதம். அதே முப்பது நாட்களைத் தொழிற்சாலையிலே கழித்தவனுக்கும் ஒரு மாதம் உண்டென்ற நினைவு இவ்வெழுத்திலே மருந்துக்குமில்லை. இது குற்றமற்ற மறதி என்று சிலர் கூறக்கூடும். அவ்வாறன்று என்பதற்கு 2012ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றை நோக்குவோம்.

அவ்வாண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 5 விற்பனைக்கு வந்தது. முதல் மூன்று நாட்களிலே ஐம்பது இலட்சத்துக்கு மேல் விற்றதாக நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. ஆனால் வாங்கியோர் சிலர் பெட்டியைத் திறந்தபோதே அலுமினிய உடலிலே கீறல்களைக் கண்டனர். கறுப்பு நிறக் கருவியிலே உள்ளிருந்த வெள்ளி நிறம் கோடுகோடாகத் தெரிந்தது. முதல் மாதத்து எழுத்தாளர்க்கு நல்ல பொருள் கிடைத்தது. கீறலுக்குத் தனிப் பெயரே சூட்டப்பட்டது. சாவியாலும் நாணயத்தாலும் சுரண்டிப் பார்த்துப் படங்கள் வெளியிடப்பட்டன. அலுமினியம் பயன்படுத்தும்போது கீறலுறுவது இயல்பே என்று நிறுவனத்தின் உயர் அதிகாரியான பில் ஷில்லர் வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிய பதிலும் நகைப்புக்குள்ளாயிற்று.

வெளியிலே இயல்பு என்று கூறியவர்கள் தொழிற்சாலைக்குள்ளே என்ன செய்தனர்? சீனத்தின் ஜெங்ஜோ நகரிலே இக்கருவியைப் பொருத்திக் கொடுத்த பொக்ஸ்கொன் ஆலையிலே தரக் கட்டுப்பாடு திடீரென இறுக்கப்பட்டது. நியூ யோர்க்கிலிருந்து இயங்கும் ‘சீனத் தொழிலாளர் கண்காணிப்பகம்’ என்ற அமைப்பு வெளியிட்ட செய்தியின்படி, குழிவுகளுக்கு 0.02 மில்லிமீற்றர் என்ற அளவு விதிக்கப்பட்டது; சட்டத்திலும் பின்மூடியிலும் கீறல் இருத்தலாகாது எனக் கட்டளை பிறந்தது. அதற்கேற்ற பயிற்சி அளிக்கப்படவில்லை. சீனத்தின் தேசிய தின விடுமுறையும் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. ஒக்டோபர் 5ஆந் திகதி மூவாயிரம் முதல் நாலாயிரம் வரையிலான தொழிலாளர் வேலையை நிறுத்தினர் என அவ்வமைப்புக் கூறிற்று. வேலைநிறுத்தம் எதுவும் நிகழவில்லை, ஒக்டோபர் முதலாம் இரண்டாந் திகதிகளிலே சிறு தகராறுகள் இரண்டே ஏற்பட்டன என்று பொக்ஸ்கொன் மறுத்தது. ஆனால் அம்மறுப்புங்கூட, தகராறு இருந்ததை ஒப்புக்கொள்ளும் மறுப்பேயாகும்.

திகதிகளை மீண்டும் நோக்குக. செப்டெம்பர் 21, ஒக்டோபர் 5. இடையிலே பதினான்கு நாட்கள். வாங்கியவன் தன் அறையிலிருந்து கண்ட கீறல் இரண்டு வாரத்துக்குள் கடல் கடந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்பவனின் விரலிலே போய் விழுந்தது. அது அங்கே எவ்வடிவில் விழுந்தது என்பதும் மனங்கொளத்தக்கது. பொருத்துபவன் ஒரு தொழிலாளி. பொருத்தியதைச் சோதித்துத் தள்ளிவிடுபவனும் ஒரு தொழிலாளி. அளவை விதித்தவன் அந்த மண்டபத்திலேயே இல்லை. ஆகவே சோதிப்பவனும் பொருத்துபவனும் ஒருவரோடொருவர் மோதினர். சோதிப்பவர் சிலர் அடியும் வாங்கினர். அலுமினியத்தின் இயற்கையோடு தீர்க்கவேண்டிய கணக்கு, தொழிலாளிக்கும் தொழிலாளிக்குமிடையே பகையாக மாற்றப்பட்டது. முதலாளித்துவத்தின் பழைய வித்தைகளிலே இதுவும் ஒன்று.

அறுநூறு டொலருக்கு மேல் கொடுத்தவன் கீறலற்ற கருவியைக் கேட்பது நியாயமே. அவனை நாம் குறை கூறவில்லை. அவனுடைய நியாயத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே நமது கேள்வி. விற்றவன் கொடுக்கவில்லை. முதல் மாதத்து எழுத்தாளனோ அக்கேள்வியை எழுப்பவுமில்லை. அவனுடைய எழுத்து, அவன் அறிந்தோ அறியாமலோ, மேற்பார்வையாளனின் கைப்பிரம்பாயிற்று.

“கருவியை ஆராய்பவன் கருவியைத்தான் ஆராய்வான், ஆலையை ஆராய வேறு ஆட்கள் உண்டு” என்று அறிஞர் சிலர் கூறுவர். இந்த வாதம் நமக்குப் புதியதன்று. கவிதையை ஆராய்பவன் சொல்லையும் யாப்பையும் அணியையும் ஆராய்ந்தாற் போதும், அதனைத் தோற்றுவித்த சமுதாயத்தைப் பற்றிப் பேசுவது அவனுடைய வேலையன்று என்று நம்மோடு வாதிட்டோர் ஒரு காலத்திலே எத்தனை பேர்! அழகியலின் பெயரால் அன்று கட்டப்பட்ட வேலியே இன்று தொழில்நுட்பத்தின் பெயரால் கட்டப்படுகின்றது. தேயிலையின் நிறத்தையும் மணத்தையும் நாவின் நுனியிலே வைத்து வகைபிரித்த நிபுணர்கள் நிறைந்த நாடு நமது. கொழுந்து கொய்த கையைப் பற்றி அவர்கள் எத்தனை வரி எழுதினார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்தாற் போதும்.

இரண்டாவதாக, 2014ஆம் ஆண்டின் முதல் மாதமொன்று. அதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது.

செப்டெம்பர் 19ஆந் திகதி ஐபோன் 6 வெளிவந்தது. மூன்று நாட்களிலே ஒரு கோடிக்கு மேல் விற்பனை. அடுத்த சில நாட்களுக்குள் அதன் பெரிய வடிவம் காற்சட்டைப் பையிலே வளைந்துவிடுகின்றது என்ற கூக்குரல் எழுந்தது. உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அவ்வளைவை அளந்தன. ஒன்பது வாடிக்கையாளரே முறையிட்டுள்ளனர் என்று நிறுவனம் விளக்கம் கூறிற்று. 24ஆந் திகதி வெளியிடப்பட்ட மென்பொருட் திருத்தமொன்று சிலருடைய கருவியிலே தொலைபேசித் தொடர்பையே துண்டித்துவிட, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் அது மீளப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டவை நாற்பதாயிரத்துக்குக் குறைவான கருவிகள் என்று கூறி நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. ஒன்பது பேரின் வளைவுக்கும் ஒரு மணி நேரத் தடங்கலுக்கும் விளக்கம் கிடைத்த மாதம் அது.

அதே மாதத்திலே, செப்டெம்பர் 30ஆந் திகதி, ஷென்ஷென் நகரிலே சூ லிஜி என்ற பொக்ஸ்கொன் தொழிலாளி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது இருபத்துநான்கு. குவாங்டொங் மாகாணத்துக் கிராமமொன்றிலே பிறந்து, பிழைப்பைத் தேடி நகருக்கு வந்து, 2011 முதல் பொருத்துவரிசையிலே இரவும் பகலும் மாறி மாறி நின்றவர். அவர் ஒரு கவிஞர். ஆலையின் இரும்பையும் திருகாணியையும், நின்றபடியே உறங்கும் உடலையும், பலர் நெருங்கி வாழும் வாடகை அறையையும் பாடியவர். நிறுவனத்தின் சொந்தப் பத்திரிகையே அவருடைய எழுத்துகளை வெளியிட்டிருந்தது. நூல்களுக்கிடையிலே வேலை செய்யவேண்டும் என்பது அவரது விருப்பம். நிறுவனத்தின் நூலகத்திலே இடம் கேட்டார், கிடைக்கவில்லை. நகரத்துப் பெரிய புத்தகக் கடையிலே முயன்றார், அதுவும் கைகூடவில்லை. இடையிலே வேலையை விட்டு நீங்கியவர், வேறு வழியின்றிச் செப்டெம்பர் இறுதியிலே அதே நிறுவனத்தோடு மீண்டும் ஒப்பந்தம் எழுதினார். சில நாட்களுக்குள் எல்லாம் முடிந்தது.

அதே செப்டெம்பர் 30ஆந் திகதியன்றுதான், புதிய கருவி ஒக்டோபர் 17 முதல் சீனத்திலும் விற்கப்படும் என்று அப்பிள் அறிவித்தது. இவ்விரண்டுக்குமிடையே காரண காரியத் தொடர்பு எதனையும் நாம் கற்பிக்கவில்லை. சூ லிஜியின் கை அக்கருவியிலே பட்டதென்றும் கூறவில்லை. ஒரே நாளின் இரண்டு செய்திகளில் ஒன்று உலகம் முழுவதும் அன்றே பரவியது. மற்றையது பத்து நாள் கழித்து அந்நகரத்துப் பத்திரிகையொன்றிலே கட்டுரையாக வந்து, தொண்டர் சிலர் செய்த மொழிபெயர்ப்பினாலேயே வெளியுலகை எட்டியது. இந்த ஏற்றத்தாழ்வையே நாம் சுட்டுகின்றோம்.

அவரைப் பின்னர் படித்தோரிலும் ஒரு சாரார் அவரைத் தனிமையிலே வாடிய மென்மனத்துக் கவிஞராக மட்டும் காண விழைகின்றனர். மனச்சோர்வு, நிறைவேறாத காதல், நகரத்தின் அந்நியம் என்ற சொற்களைக் கூறி அவருடைய ஆலையை அவரிடமிருந்தே பறித்துவிடுகின்றனர். தனிமனிதத் துயரம் அவருக்கு இல்லை என்று எவரும் சொல்லார். ஆனால் 2010ஆம் ஆண்டிலே அதே நிறுவனத்தின் ஆலைகளிலே, பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயதினரான தொழிலாளர் பதினான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக மாண்டபோது, அவர்கள் அனைவரும் மென்மனத்துக் கவிஞர்களா? அன்று நிறுவனம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே ஸ்டீவ் ஜொப்ஸ், அது கசக்கிப் பிழியும் ஆலையன்று, அங்கே உணவகமும் படமாளிகையும் மருத்துவமனையும் நீச்சற் குளமும் உண்டு என்று மேடையிலே விளக்கினார். நீந்துவதற்கு நேரம் எப்போது என்று அவரிடம் கேட்பார் அங்கு இருக்கவில்லை போலும்.

இவ்விடத்திலே ஒரு புள்ளிவிவரமும் முன்வைக்கப்பட்டது. பல இலட்சம் பேர் வேலை செய்யுமிடத்திலே இத்தொகை சீனத்தின் தேசிய சராசரியைவிடக் குறைவு என்றனர். கணக்கு சரியே, ஒப்பீடுதான் பிழை. தேசிய சராசரியிலே நோயுற்ற முதியோரும் கைவிடப்பட்ட கிராமத்தாரும் வேலையற்றோரும் அடங்குவர். ஆலைக்குள் இருப்பவரோ உடல்நலம் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்ட, வேலையுள்ள இளைஞர். ஒரு வகுப்பறையிலே சில மாதங்களுக்குள் மாணவர் ஒருவர்பின் ஒருவராக இறந்தால், நாட்டின் இறப்பு வீதத்தை எடுத்துக் காட்டி ஆறுதல் கூறும் அதிபரை நாம் என்னவென்போம்?

“இது சீனத்து விஷயம், நமக்கென்ன?” என்போரும் உண்டு. தமிழிலே முதல் மாதத்து இலக்கியம் படைப்போர்க்கு இந்தச் சாக்கும் இப்போது இல்லை. 2022 செப்டெம்பர் 16ஆந் திகதி ஐபோன் 14 வெளியாயிற்று. பத்தே நாட்களிலே அதனை இந்தியாவிலும் செய்கின்றோம் என்று அப்பிள் அறிவித்தது. செய்யுமிடம் சென்னைக்கு அண்மையிலுள்ள திருப்பெரும்புதூர்ப் பகுதிப் பொக்ஸ்கொன் ஆலை. அங்கே வரிசையிலே நிற்போர் பெரும்பாலும் இளம் பெண்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2021 டிசெம்பரிலே, விடுதியொன்றிலே கெட்டுப்போன உணவை உண்டு இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்றனர்; 159 பேர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். தோழியருக்கு என்ன நேர்ந்தது என்று தெளிவான பதில் கிடைக்காத நிலையிலே ஏனைய பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். ஆலை மூடப்பட்டது, 2022 ஜனவரி 12ஆந் திகதியே மீண்டும் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தம் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று அப்பிளே ஒப்புக்கொண்டது. சாலையில் அமர்ந்த பெண்கள் பேசிய மொழியும், கருவியை மதிப்பிட்டோர் எழுதிய மொழியும் ஒன்றே. ஆயினும் மதிப்புரைகளிலே அவர்களைத் தேடினால் கண் பூத்துப்போகும்.

கூலியை உயர்த்தினால் கருவியின் விலை ஏழைக்கு எட்டாது போய்விடும் என்ற அனுதாபக் குரலும் இடையிடையே கேட்கின்றது. எட்டாத விலைக்கு விற்பவர்கள் இவ்வனுதாபத்தைப் பேசுவது வேடிக்கை. 2010ஆம் ஆண்டின் ஐபோன் 4ஐ எடுத்துக்கொண்டு கிறேமர், லிண்டன், டெட்ரிக் என்ற ஆய்வாளர் மூவர் கணக்கிட்டனர். விற்பனை விலையிலே அப்பிளின் இலாபம் 58.5 விழுக்காடு; சீனத் தொழிலாளருக்குச் சென்ற கூலி 1.8 விழுக்காடு. அதாவது அக்கூலியை ஒரேயடியாக இருமடங்காக்கி, அதன் முழுச் சுமையையும் வாங்குவோன் தலையிலேயே ஏற்றினாலும், நூறு டொலருக்கு இரண்டு டொலர் கூடாது. இலாபத்திலிருந்து கொடுத்தால் அதுவும் இல்லை. ஐபோன் 6 வெளிவந்ததைத் தொடர்ந்த காலாண்டிலே நிறுவனம் ஈட்டிய இலாபம் 1,800 கோடி டொலர். அதுவரையிலே எந்தப் பகிரங்கக் கம்பனியும் ஒரு காலாண்டில் அவ்வளவு ஈட்டியதில்லை.

நம்மவரிலே சிலருக்கு இதையெல்லாம் கேட்டதும் வேறொரு உற்சாகம் பிறந்துவிடும். “நாம் அன்றே சொன்னோம்! இக்கருவி இளைஞரைக் கெடுத்தது, வாசிப்பை அழித்தது, பண்பாட்டைக் குலைத்தது, தூக்கி எறியுங்கள்!” என்று அவர்கள் ஆர்ப்பரிப்பர். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. அச்சியந்திரம் வந்தபோது ஏடெழுதுவோன் அழுத அழுகை இது. சூ லிஜியின் கவிதைகள் இணையத்தின் வழியேதான் மக்களை அடைந்தன. அவர் மறைந்த பின்னர், ஒக்டோபர் முதலாந் திகதி பிறந்த நள்ளிரவிலே, முன்னரே நேரங்குறித்து வைத்த இரு சொற்கள் அவருடைய வெய்போப் பக்கத்திலே தோன்றின: ‘புதிய நாள்’. அதே வாரத்திலே ஹொங்கொங் வீதிகளிலே திரண்ட மாணவர் தம்முள் தொடர்புகொண்டது கைத்தொலைபேசி கொண்டுதான். ஜெங்ஜோவில் வேலை நின்ற செய்தியும் இவ்வழியேதான் கசிந்தது. கருவியை வெறுப்பது கருவியைச் செய்தவனுக்கு எவ்வகையிலும் உதவாது. அவனை மறப்பதற்கு அதுவும் இன்னொரு வழி. இவ்விதழை வாசிப்போர் பலரது கையிலும், இதனை எழுதுபவன் கையிலும், அத்தகைய கருவியொன்று உண்டு. அதிலே வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை.

ஆசிரியர்க்கு உரியதாக இன்னுமொன்று. 2017 நவம்பர் 3ஆந் திகதி 999 டொலர் விலையிலே ஐபோன் எக்ஸ் வெளிவந்தது. அம்மாதம் 21ஆந் திகதி, ஜெங்ஜோ ஆலையிலே பதினேழு முதல் பத்தொன்பது வயது வரையிலான மாணவர்கள் நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம் வரை அக்கருவியைப் பொருத்தினர் என்று ‘பைனான்சியல் டைம்ஸ்’ வெளிப்படுத்தியது. அவர்கள் நகரப் புகையிரதப் போக்குவரத்துக் கல்லூரியின் மாணவர். அக்கல்லூரியிலிருந்து மூவாயிரம் பேர் அனுப்பப்பட்டிருந்தனர். மூன்று மாத ‘வேலை அனுபவம்’ பெற்றாலன்றிச் சான்றிதழ் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. புகையிரதத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கவேண்டியவர் அவர்களது ஆசிரியர். அக்கேள்வி கல்லூரிக்குள் எழவில்லை. 2012ஆம் ஆண்டிலேயே யன்தாய் நகரத்து ஆலையிலே பதினான்கு வயதுப் பிள்ளைகள் பயிற்சி மாணவராக வேலை செய்ததைப் பொக்ஸ்கொன் ஒப்புக்கொண்டிருந்தது. அதன் பின்னும் பாடசாலையிலிருந்து ஆலைக்குச் செல்லும் அந்தப் பாதை மூடப்படவில்லை. மாணவர் தாமாகவே விரும்பி வந்தனர், ஊதியமும் பெற்றனர், ஆனால் மேலதிக நேரம் வேலை செய்ய அனுமதித்திருக்கலாகாது என்று அப்பிள் கூறிற்று. சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பெறப்படும் விருப்பத்துக்கு விருப்பம் என்று பெயர்!

அம்மாணவருள் ஒருத்தி பதினெட்டு வயதினள். புகையிரதப் பணிப்பெண்ணாவதற்குப் படித்துக்கொண்டிருந்தவள். ஐபோன் எக்ஸின் ஒளிப்படப் பகுதிகளை நாளொன்றுக்கு 1,200 வரை பொருத்தியதாக அவள் செய்தியாளரிடம் கூறினாள். அந்த நவம்பர் மாதத்து மதிப்புரைகளை இன்றும் எடுத்துப் படிக்கலாம். ஒளிப்படப் பகுதிக்கு அவை பந்தி பந்தியாக இடம் ஒதுக்கியுள்ளன. மாலை வெளிச்சத்திலே முகங்கள் எவ்வளவு தெளிவாக விழுகின்றன என்று வியந்துள்ளன.